அந்த ரத்தம் என்னுடையது

நோயின் பெயரை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூலம். இந்த மூன்றெழுத்தை வாய்விட்டுச் சொல்ல எனக்குப் பதினெட்டு மாதம் ஆயிற்று. இத்தனைக்கும் நான் எழுத்துக்காரன். அரியலூரில் பத்திர ஆபீசுக்கு எதிரே உட்கார்ந்து இருபத்தாறு வருஷமாகப் பத்திரம் எழுதுகிறேன். இதில் கண்டதெல்லாம் உண்மை என்று அடுத்தவர்களுக்காக எத்தனை ஆயிரம் தடவை எழுதியிருப்பேனோ தெரியாது. என் வீட்டில் மட்டும் என் வாயில் கொழுக்கட்டை.

மூலம் வந்தது பெரிய தப்பில்லை. அதை மறைத்ததுகூட ஊரில் பாதிப் பேர் செய்கிற காரியம்தான். நான் செய்தது வேறு. என்னிடமிருந்து போன ரத்தத்துக்கு என் மகளைத் திட்டு வாங்க விட்டேன். சாமி வரிசையிலிருந்து விலகி நிற்க விட்டேன். மாத்திரை விழுங்க விட்டேன். எல்லாவற்றையும் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நடுநடுவே நோயைப் பற்றியும் சொல்கிறேன். படிக்கிறவர்களில் நாலு பேருக்காவது இது இருக்கும். யார் என்று கேட்க மாட்டேன்.

செந்துறைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். என் அப்பா வரைக்கும் ஒரு சென்ட் நிலம் கிடையாது, அடுத்தவர் காட்டில் கூலிதான். வீட்டில் நாங்கள் மூன்று பேர். மனைவி தமிழரசி முந்திரிக்கொட்டை உடைக்கப் போகிறவள். மகள் அபிநயா, எங்களுக்கு அபி, பெரம்பலூரில் கல்லூரிக் கடைசி வருஷம். கொல்லையில் ஒரே ஒரு கழிப்பறை. இந்தக் கதைக்கு அந்தக் கழிப்பறை முக்கியம், அதனால் சொல்கிறேன்.

என் வேலை உட்கார்ந்த இடத்து வேலை. பலகை ஸ்டூல், காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் சாயங்காலம் ஐந்து. அங்கே இருக்கிற கழிப்பறைக்குப் பூட்டு. சாவி யாரிடம் என்று கேட்டு, அவரைத் தேடி, நாலு பேர் பார்க்கப் போய் வருவதற்கு வெட்கப்பட்டுக்கொண்டு அடக்கியே பழகிவிட்டேன். தண்ணீர் குடித்தால் போக வேண்டி வருமே என்று தண்ணீரும் குடிக்க மாட்டேன். டீ, போண்டா, டீ. காலையில் வீட்டில் முக்கோ முக்கென்று முக்கினால்தான் உண்டு. அதை ஒரு கோளாறாகவே நான் நினைத்ததில்லை. இதெல்லாம் மனுஷனுக்குச் சகஜம் என்று இருந்தேன்.

ஒரு மாசி மாதக் காலையில் முதல் சொட்டு விழுந்தது. சிவப்பு மைப் புட்டியைக் கவிழ்த்தது போல அவ்வளவு பளிச்சென்ற சிவப்பு. வலி கொஞ்சம்கூட இல்லை. வலி இருந்திருந்தால் கத்தியிருப்பேன், எல்லாம் அன்றைக்கே தெரிந்திருக்கும். உடம்புச் சூடு என்று நானே தீர்மானம் செய்துகொண்டு இரண்டு இளநீர் குடித்தேன். நின்றது. பதினைந்து நாளில் திரும்ப வந்தது. அப்புறம் நின்று நின்று வந்துகொண்டே இருந்தது.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. யாருக்கும் தெரியாமல் பார்த்தேன், அதுதான் விசேஷம். வேலி ஓரத்துத் துத்தி இலையைப் பறித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்து மென்றேன். கருணைக்கிழங்கு வாங்கி வந்து குழம்பு வைக்கச் சொன்னேன். "என்னங்க திடீர்னு கருணைக்கெழங்கு மேல இவ்ளோ ஆசை?" என்று தமிழரசி சிரித்தாள். பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டியிருந்த, ஆபரேஷன் இல்லாமல் மூலம் பௌத்திரம் குணமாகும் என்கிற நோட்டீசைப் பார்த்து ஒரு ஆளிடம் போய் லேகியமும் வாங்கினேன். அதை முத்திரைத்தாள் பைக்குள் ஒளித்து வைத்திருந்தேன். அந்த லேகியத்தால் பேதி ஆனதுதான் மிச்சம்.

இப்போது கழிப்பறைக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் காலையில் முதலில் போகிறவள் அபி, அவளுக்கு ஏழு மணிக்குக் கல்லூரி பஸ். அடுத்தது நான். எங்கள் இரண்டு பேருக்கும் பிறகு, நாங்கள் கிளம்புவதற்குள், தமிழரசி. உள்ளே ஒரு சோகை பிடித்த பல்பு. நான் நாலு செம்பு தண்ணீர் அடித்து ஊற்றுவேன். ஆனாலும் பீங்கானுக்கு இந்தப் பக்கம், கால் வைக்கிற இடத்தில், நான் பார்க்காத சொட்டு இரண்டு கிடந்துவிடும். தமிழரசி அதைப் பார்த்தாள். அவளுக்கு மாதவிலக்கு நின்று மூன்று வருஷம் ஆகிவிட்டது. வீட்டில் ரத்தம் என்றால் அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான், அதற்கு வயதுள்ளவள் ஒருத்திதான். ஆம்பளைக்கு அந்த இடத்தில் ரத்தம் வரும் என்று அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

"ஏண்டி, கழுவி வுட்டுட்டு வர மாட்ட? இருவது வயசாவுது, இதக்கூடச் சொல்லணுமா?"

"எனக்கு இன்னும் நாளே வரலம்மா."

"அப்ப அது யாரு, நானா?"

நான் அப்போது சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். மேலே இருந்து கீழே வரைக்கும் போட்டு முடித்தேன். முத்திரைத்தாள் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டேன். அதுதான் முதல் தடவை. அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அடுத்த தடவை அபி, "நான் திரும்பி நல்லாப் பாத்துட்டுதாம்மா வந்தேன், ஒண்ணுமே இல்ல" என்றாள். அதற்கடுத்த தடவை அழுதாள். மாதத்தில் மூன்று தடவை, நாலு தடவை என்று ஆனதும் தமிழரசியின் திட்டு நின்று பயம் வந்துவிட்டது. "இந்தப் புள்ளைக்கு என்னமோ கோளாறுங்க. அது மறைக்குது" என்று என்னிடமே வந்து சொன்னாள். மறைக்கிறவனிடமே சொன்னாள். "அதெல்லாம் ஒண்ணும் இருக்காது, வுடு" என்று நான் பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன்.

எனக்கு ரத்தம் போக ஆரம்பித்து ஒரு வருஷம் தாண்டி வந்த சித்திரையில் எங்கள் தெரு மாரியம்மனுக்குப் பால்குடம். எடுக்கிறவர்கள் பேரை வரிசையாக எழுதி மைக்கில் வாசிப்பது வருஷா வருஷம் என் வேலை. எழுத்துத் தொழில், குரலும் கொஞ்சம் கணீரென்று இருக்கும். அந்த வருஷம் நாற்பத்து மூன்றாம் பேர் அபிநயா. அதற்கு முந்தின மார்கழியில் கீழப்பழுவூர் பக்கம் ஒரு லாரி என் பைக்கை உரசிக்கொண்டு போய், நான் பள்ளத்தில் விழுந்து சிராய்ப்போடு எழுந்து வந்தேன். அப்பா பிழைத்து வந்ததற்காக என்று அவள் நேர்ந்துகொண்டது அந்தக் குடம்.

அன்று காலையிலும் எனக்கு ரத்தம் போயிற்று. அவசரத்தில் சரியாகக் கழுவாமல் கோயிலுக்கு ஓடிவிட்டேன். தூரமானவர்கள் சாமி காரியத்தில் சேரக்கூடாது என்பது எங்கள் தெரு வழக்கம். நான் பேர் வாசித்துக்கொண்டிருக்கும்போது தமிழரசி மூச்சிரைக்க வந்தாள். மஞ்சள் புடவையும் ஈரத் தலையும் கழுத்தில் மாலையுமாக நின்ற அபியின் கையைப் பிடித்து வரிசையிலிருந்து இழுத்தாள்.

"நீ தள்ளி நில்லு. சாமி குத்தம் ஆயிரும்."

"எனக்கு இல்லம்மா. சத்தியமா இல்ல."

"கண்ணால பாத்துட்டு வரேன், இல்லங்கற."

சுற்றி நின்ற பெண்கள் எல்லாம் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு அஞ்சலை, "ஏன்டி தமிழு, போன வாரந்தான் சொன்ன, மறுபடியுமா?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டாள். அபி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பத்தடி தூரம்தான். என் கையில் பேனாவும் மைக்கும் இருந்தன. நான் பேரை அடித்தேன். "நாற்பத்து மூன்றாம் நம்பர் இல்லை. அடுத்தது நாற்பத்து நாலு" என்று வாசித்தேன். என் குரலில் பிசிறுகூட இல்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

வைகாசியில் அபியை அரியலூரில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனோம். நான்தான் பைக்கில் அழைத்துப் போனேன், தமிழரசி பஸ்ஸில் வந்தாள். வெளியே பெஞ்சில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு எனக்கு நேராக உட்கார முடியவில்லை. உள்ளே டாக்டரம்மா கேட்டதற்கெல்லாம் தமிழரசிதான் பதில் சொன்னாளாம். ஸ்கேனில் ஒன்றுமில்லை. மாதம் நாலு தடவை ரத்தம் போகிறது என்று தாய் அடித்துச் சொல்லும்போது டாக்டர் என்ன செய்வார்? அவரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஹார்மோன் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதைச் சாப்பிட்டுக் காலையில் குமட்டலோடு பஸ் ஏறினாள் என் மகள். முகம் உப்பிப்போயிற்று. மாத்திரை சாப்பிட்டும் ரத்தம் நிற்கவில்லை என்று அடுத்த மாதம் வேறு மாத்திரை மாற்றினார்கள். எப்படி நிற்கும்?

சொல்லிவிடலாம் என்று தினமும்தான் நினைத்தேன். சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது வாக்கியத்தைக்கூட யோசித்து வைத்துக்கொள்வேன். வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டுத் தட்டு முன்னால் அதை எப்படிச் சொல்வது என்று தோன்றும். நாளாக ஆக வேறொரு பயம் சேர்ந்துகொண்டது. மூலம் என்று சொன்னால் மட்டும் போதாதே, இத்தனை நாள் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தாய் என்று கேட்பார்களே. பழைய பொய் பெரிதாக ஆனதும் புதிய உண்மையைச் சொல்ல இடமே இல்லாமல் போய்விட்டது.

ஆவணியில் உடம்பே முடிவு செய்தது. தா.பழூரிலிருந்து நஞ்சை நிலம் வாங்க வந்த பார்ட்டிக்குக் கிரயப் பத்திரம் எழுதி முடித்து, கையெழுத்து வாங்க ஸ்டூலை விட்டு எழுந்தேன். கண் இருட்டியது. அடுத்து எனக்குத் தெரியும்போது தரையில் கிடந்தேன், நாலைந்து முகம் மேலே இருந்து பார்த்தது. "வேட்டில ரத்தம்" என்று யாரோ கத்தினார்கள். "ஸ்டூல் ஆணி குத்திட்டுது" என்றேன். மயக்கத்தில்கூடப் பொய் சரளமாக வந்தது. ஆட்டோவில் ஏற்றிப் போன இடத்தில் அந்த ஆணிக்காக எனக்கு ஒரு டி.டி. ஊசியும் போட்டார்கள். கண் இமையை இழுத்துப் பார்த்த டாக்டர், இது ஆணி விஷயமில்லை, உடம்பில் ரத்தமே இல்லை என்று சொல்லிப் பெரம்பலூரில் ஒரு மருத்துவமனைக்கு அனுப்பினார்.

அங்கே என்னைப் பார்க்க வந்த சர்ஜன் ஒரு பெண். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திரைச்சீலையை இழுத்துவிட்டு, தமிழரசியை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, "எத்தனை நாளா ரத்தம் போவுதுங்க?" என்றார்.

"ஒரு பத்து நாளா."

"பத்து நாள்ல ஹீமோகுளோபின் இந்த அளவுக்கு எறங்கினா நீங்க நடந்து வந்திருக்க மாட்டீங்க, தூக்கிட்டு வந்திருப்பாங்க. இது கொஞ்சங் கொஞ்சமா, ரொம்ப நாளாப் போயிருக்கு. சொல்லுங்க."

சொன்னேன். முதல் தடவையாக ஒரு மனுஷியிடம் சொன்னேன். பதினெட்டு மாதம். அவர் முகம் சுளிக்கவில்லை, ஏதோ சளிக் காய்ச்சலைக் கேட்பது போல எழுதிக்கொண்டார். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து முழங்காலை நெஞ்சோடு சேர்க்கச் சொன்னார். உறை போட்ட விரலால் சோதித்தார். பிறகு புராக்டோஸ்கோப் என்ற கட்டைவிரல் தடிமனுள்ள சின்னக் குழாயை வைத்து உள்ளே பார்த்தார். கூச்சம்தான், பெரிய வலி இல்லை. இரண்டு மூன்று நிமிஷம். இந்த இரண்டு மூன்று நிமிஷத்துக்குப் பயந்துதான் நான் பதினெட்டு மாதம் ஓடினேன்.

அப்புறம் ஒரு சீட்டின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார். ஆசனவாய்க்குள் ரத்தக்குழாய்களால் ஆன சிறு மெத்தைகள் எல்லோருக்கும் உண்டு. கடவுள் வாயிலை மூடி வைக்கக் கொடுத்தது. முக்கி முக்கி அழுத்தம் கொடுத்தால் அது வீங்கித் தொங்கிப்போகிறது, அதற்குப் பேர்தான் மூலம். உள்ளே வருகிற மூலத்தில் பெரும்பாலும் வலி இராது, சிவப்பாக ரத்தம் மட்டும் போகும். வெளி மூலம் வலிக்கும். உள்மூலத்தில் நாலு நிலை. முதல் நிலையில் உள்ளேயே இருக்கும். இரண்டாவதில் வெளியே வந்து தானாகவே உள்ளே போகும். மூன்றாவதில் விரலால் தள்ளிவிட்டால்தான் போகும். நாலாவதில் தள்ளினாலும் போகாது. நான் ஆறு மாதமாகத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

"ஆரம்பத்துலயே வந்திருந்தா தண்ணி, கீரை, நார்ச்சத்து, மாத்திரை, இதுலயே முடிஞ்சிருக்கும். இல்லன்னா ரப்பர் பேண்ட் போட்டுச் சுருங்க வெச்சிருப்போம், அன்னிக்கே வூட்டுக்குப் போயிருக்கலாம். இப்ப ஆபரேஷன்தான். அதுக்கு முன்னாடி ரத்தம் ஏத்தணும், கொலனோஸ்கோப்பியும் பாக்கணும்" என்றார். ரத்தம் போனாலே மூலம் என்று நாமாக முடிவு கட்டக்கூடாதாம். குடலில் கட்டியோ புற்றோ இருந்தாலும் இதே மாதிரி போகும், எனக்கு வயது ஐம்பத்தொன்று, அதனால் குடல் முழுவதையும் பார்த்தாக வேண்டும் என்றார். புற்று என்ற வார்த்தையைப் பற்றித்தான் நான் கேட்டிருக்க வேண்டும்.

ஆனாலும் வாய் வேறொன்றைத்தான் கேட்டது. "டாக்டர், வூட்டுல பொண்ணு ஒண்ணு..." என்று ஆரம்பித்து அபி விஷயத்தையும் சொல்லிவிட்டேன். அதுவரை எழுதிக்கொண்டே இருந்தவர் பேனாவை மூடினார்.

"உங்க ரத்தத்துக்கு அந்தப் பொண்ணு மூணு மாசமா ஹார்மோன் மாத்திரை சாப்புடுதா?"

"ஆமாங்க."

"மொத வேலையா அந்தப் பொண்ண அந்த டாக்டர்கிட்ட அனுப்பி, நடந்ததச் சொல்லி, மாத்திரைய நிறுத்தச் சொல்லுங்க. உங்க வூட்டுல நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்."

தலையை ஆட்டினேன். திரைச்சீலை விலகியதும் தமிழரசி ஓடி வந்து, "என்னங்க சொன்னாங்க?" என்றாள். "ரத்தம் கம்மியா இருக்காம்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். இதைப் படிக்கிறவர்கள் என் முகத்தில் துப்பினாலும் துடைத்துக்கொள்கிறேன்.

மூன்று பாட்டில் ரத்தம் வேண்டும், பதிலுக்கு யாராவது கொடுத்தால் நல்லது என்றார்கள். நமக்காகக் கொடுக்கிற ரத்தம் நமக்கே ஏறுவதில்லை. வங்கியிலிருந்து நமக்கு ஒன்று வரும், கொடுத்தது வேறு யாருக்கோ போகும். கல்லூரியிலிருந்து நேராக வந்திருந்த அபி பையைக் கீழே வைத்துவிட்டு, "நான் குடுக்கறேன்" என்றாள்.

"நீ சும்மா இரு. உனக்கே ரத்தம் கொட்டிக்கிட்டுக் கெடக்கு, நீ குடுக்கப் போறியா? உன்னையும் பக்கத்துக் கட்டில்ல போடவா?" என்றாள் தமிழரசி.

அபி பையைக்கூட எடுக்கவில்லை. விறுவிறுவென்று போய்விட்டாள். அரை மணி நேரம் கழித்து முழங்கை மடிப்பில் பஞ்சும் கையில் ஜூஸ் டப்பாவுமாகத் திரும்பி வந்தாள். இன்னொரு கையில் சீட்டு. "எடுத்துக்கிட்டாங்க. ஹீமோகுளோபின் பன்னண்டு புள்ளி ஒம்போது இருக்காம், நல்லா இருக்குன்னாங்க" என்றாள்.

தமிழரசி அந்தச் சீட்டை வாங்கினாள். என் தலைமாட்டில் இருந்த என் சீட்டையும் எடுத்தாள். அதில் ஐந்து புள்ளி எட்டு. அவள் எட்டாவது வரை படித்தவள், எண்ணை வாசிக்கத் தெரியும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். வீட்டில் விஷயம் தெரிந்தவன், படித்தவன் என்று என்னைத்தான் கேட்டாள்.

"என்னங்க இது? மாசம் நாலு வாட்டி போவுது இந்தப் புள்ளைக்கு. இதுக்கு எப்புடிங்க பன்னண்டு இருக்கும்? உங்களுக்கு எப்புடி அஞ்சு?"

அப்படி அவள் கேட்டபோது சந்தேகமே இல்லை அவள் குரலில். நிஜமாகவே புரியாமல் கேட்டாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"அது அபியோடது இல்ல தமிழு. என்னோடது. எனக்கு மூலம். ஒன்ற வருசமா இருக்கு. கக்கூஸ்ல நீ பாத்ததெல்லாம் என்னோட ரத்தம்."

தமிழரசி இரண்டு சீட்டையும் பிடித்தபடியே நின்றாள். "பால்குடத்தன்னிக்கு?" என்றாள்.

"அன்னிக்கும்."

அபி அழவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "எனக்கே தெரியாம எனக்கு வருதோன்னு நெனச்சேம்பா" என்றாள். "ஒவ்வொரு நாளும் வெளிய வந்து திரும்பித் திரும்பிப் பாப்பேன். ஒண்ணும் இருக்காது. அம்மா இருக்குங்கும். எனக்குப் பைத்தியம் புடிச்சிருச்சோன்னு ஒரு நாள் அஞ்சலைச் சித்திகிட்டக்கூடக் கேட்டேன். உங்களச் சந்தேகப்படணும்னு எனக்குத் தோணவே இல்லப்பா."

பிறகு ஜூஸ் டப்பாவை என் தலைமாட்டில் வைத்துவிட்டுக் கல்லூரி பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

மூன்று நாள் தமிழரசி என்னிடம் பேசவில்லை. ஆனால் ஒன்றும் குறை வைக்கவில்லை. ரத்தம் ஏறும்போது கை சில்லிட்டுப்போகும், தன் முந்தானையால் சுற்றி வைப்பாள். கொலனோஸ்கோப்பிக்காக வயிற்றைச் சுத்தம் செய்ய இரண்டு லிட்டர் மருந்துத் தண்ணீர் குடிக்கக் கொடுத்தார்கள், உப்பும் எலுமிச்சையும் கலந்த ஒரு கண்ணராவி. அரைநாள் முழுக்கக் கழிப்பறைக்கும் கட்டிலுக்கும் நடந்தேன், ஒவ்வொரு தடவையும் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் கதவுக்கு வெளியே நின்றாள். பேச்சு மட்டும் கிடையாது. குடலில் வேறு ஒன்றும் இல்லை, மூலம் மட்டும்தான் என்று டாக்டரம்மா வந்து சொன்னபோதுதான் வாயைத் திறந்தாள்.

"அந்தப் புள்ளைய நான் எவ்ளோ திட்டிருக்கேன் தெரியுமாங்க? நீங்க கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க?" என்றாள். சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் தன்னையே திட்டிக்கொண்டு அழுதாள், என் பங்கையும் சேர்த்து.

ஆபரேஷன் பெரிதாகத் தெரியவில்லை. முதுகுத்தண்டில் ஊசி போட்டார்கள், இடுப்புக்குக் கீழே யாருடைய கால்களோ மாதிரி ஆகிவிட்டது. டாக்டர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன். உண்மையான கண்டம் மூன்றாம் நாள் முதல் தடவை வெளிக்குப் போகும்போதுதான். கண்ணாடித் துண்டு போனால்கூட அப்படி இருக்காது. சுவரைப் பிடித்துக்கொண்டு அம்மா என்று அலறினேன். பயந்து அடக்கினால் இன்னும் கெட்டிப்பட்டு இன்னும் வலிக்கும், அதனால் மலமிளக்கியையும் இசப்கோலையும் விடாதீர்கள், தண்ணீரைக் கணக்குப் பார்க்காமல் குடியுங்கள் என்றார் டாக்டரம்மா. தமிழரசி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய் ஒரு நீல பிளாஸ்டிக் தொட்டி வாங்கி வந்தாள். வெதுவெதுப்பான தண்ணீரை அதில் ஊற்றி, அதில் பத்து நிமிஷம் உட்கார வேண்டும். அந்தத் தொட்டியில் உட்கார்ந்தால் கிடைக்கிற சுகத்துக்கு ஈடே இல்லை. சுகமாக இருக்கும்போதெல்லாம் அபி முகம் வந்துவிடும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அபியை அவள் அம்மாவே அரியலூர் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போய் மாத்திரையை நிறுத்திவிட்டு வந்தாள். நான் வீட்டுக்கு வந்த பிறகும் ஒன்றிரண்டு வாரம் அவ்வப்போது ரத்தம் கசியும் என்று சொல்லியிருந்தார்கள். முதல் நாள் கழிப்பறையிலிருந்து வெளியே வந்து, வீட்டுக் கதவருகே நின்று சத்தமாகச் சொன்னேன்: "ரெண்டு சொட்டு. என்னோடது. கழுவிட்டேன்."

உள்ளே அபி புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. "சரிப்பா" என்றாள். அதிலிருந்து தினமும் சொன்னேன். நின்ற பிறகும், "இன்னிக்கு ஒண்ணும் இல்ல" என்று சொன்னேன். தமிழரசி தலையில் அடித்துக்கொள்வாள், தெருவுக்கே கேட்கிறது என்று. தெருவுக்குக் கேட்கட்டும் என்றுதான் நானும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். ஆனால் தெருவுக்கு அது போதவில்லை. தமிழரசியின் மகளுக்கு ஏதோ பொம்பளைக் கோளாறாம் என்ற பேச்சு அப்படியேதான் இருந்தது. செந்துறையிலிருந்து ஒரு வரன் பேச வருவதாக இருந்தவர்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அபிக்கு அந்த வரன் போனதில் வருத்தமில்லை. போன காரணத்தில்தான் வருத்தம்.

திரும்பச் சித்திரை வந்தது. தமிழரசி, "இந்த வருசம் கொடத்த எடுத்துரு கண்ணு, நேத்திக்கடன் நிக்குது" என்றாள்.

அபி என்னைப் பார்த்துச் சொன்னாள். "எடுக்கறேன். போன வருசம் அப்பா எங்க நின்னு என் பேர அடிச்சாரோ, அங்க நின்னு சொல்லட்டும்."

"மைக்குலயா?" என்றேன்.

"நாப்பத்தி மூணு இல்லன்னு மைக்குலதானே சொன்னீங்க?"

பால்குடத்தன்று வரிசை நின்றது. நான் வாசித்துக்கொண்டே வந்தேன். இந்த வருஷமும் வேண்டுமென்றே அவளுக்கு நாற்பத்து மூன்றாம் நம்பரையே எழுதியிருந்தேன். அந்த இடம் வந்ததும் மைக்கை வாய்க்கு இன்னும் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். நாலு பக்கமும் குழாய் கட்டியிருந்தது, அடுத்த தெரு வரைக்கும் கேட்கும்.

"நாப்பத்தி மூணு. அபிநயா" என்றேன். "போன வருசம் இந்தப் புள்ளையத் தூரம்னு சொல்லி வரிசையிலேர்ந்து அனுப்பினோம். அது தூரம் இல்ல. எனக்கு மூல நோவு. வூட்டுல கெடந்த ரத்தம் என்னுது. எம் பொண்ணுக்கு ஒரு கொறையும் கெடையாது. எனக்குத் தெரிஞ்சும் வெக்கப்பட்டுக்கிட்டுச் சொல்லாம இருந்துட்டேன். இங்க நின்னுதான் அவ பேர அடிச்சேன்."

மேளக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அஞ்சலை வாயில் கையை வைத்துக்கொண்டாள், பிறகு அபியின் பக்கம் போய் அவள் தலையில் இருந்த சும்மாட்டைச் சரி செய்தாள். அபி குடத்தைத் தூக்கிக்கொண்டு என்னைக் கடந்து போனாள். என்னைப் பார்க்கவில்லை. நேராகப் பார்த்து நடந்தாள். நான் நாற்பத்து நாலை வாசித்தேன்.

அடுத்த வாரத்திலேயே தெருவில் மூன்று பேர் தனித்தனியாக என்னிடம் வந்தார்கள். ஒருத்தன் என்னை முந்திரித் தோப்பு வரைக்கும் தள்ளிக்கொண்டு போய், "அண்ணே, அந்த டாக்டரம்மா எந்தக் கெழமையில இருப்பாங்க?" என்று கேட்டான். வீட்டில் சொல்லிவிட்டு வந்தால்தான் சொல்வேன் என்றேன். முறைத்தான். மறுநாள் பெண்டாட்டியோடு வந்தான்.

இப்போது நான் வேலை செய்யும் இடத்தில் தண்ணீர் பாட்டில் பக்கத்திலேயே இருக்கிறது. கழிப்பறைச் சாவியை வெட்கமில்லாமல் கேட்டு வாங்குகிறேன். எனக்கு ரத்தம் நின்று எட்டு மாதம் ஆகிறது. புண் ஆறிவிட்டது, இனி வர வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

அபி இன்னமும் காலையில் முதல் ஆளாகப் போகிறாள். வெளியே வந்து, தாழ்ப்பாளில் கை வைத்தபடி, ஒரு தடவை திரும்பி உள்ளே குனிந்து பார்க்கிறாள். இன்று காலையும் பார்த்தாள். நான் கொல்லையில் பல் விளக்கிக்கொண்டு நின்றேன்.

"ஒண்ணும் இருக்காதும்மா" என்றேன்.

"தெரியும்பா" என்றாள். சொல்லிவிட்டு இன்னொரு தடவை பார்த்தாள்.